மானுக்கென விதைத்த மொச்சை

பொங்கலன்று புளிக்குழம்பில் மொச்சை இல்லையேல் அது குழம்பே அன்று என வாதாடும் நண்பர்கள் நம் சங்கத்தில் பலர் உண்டு. அவர்களுக்கு ஒரு செய்தி. அந்த மொச்சையின் இனத்தையே அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென் மாநிலங்களில் 'லாப்லாப்' என்ற பெயரில் மூட்டையாக வாங்கி விதைக்கிறார்கள். களை எடுக்கிறார்கள், உரம் இடுகிறார்கள். ஆனால் ஒரு காயைக்கூடப் பறிப்பதில்லை. அத்தனையும் மானுக்கு! மானின்மீது அவ்வளவு கருணையா என்று வியக்க வேண்டாம். வயலின் ஓரத்தில் பரண் இருக்கிறது. பரணில் துப்பாக்கியுடன் ஒருவர் இருக்கிறார்.

இந்த விஷயம் எனக்கு எப்படித் தெரிய வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். சென்ற ஜூலையில் எம்.எஸ்ஸி. ஆய்வுக்காக நம் வளாகத்துச் சோதனை வயலில் ஒரு சிறு துண்டு நிலத்தில் மொச்சை விதைத்தேன். வேர்முடிச்சுகளைப் பற்றிய ஆராய்ச்சி. ஆகஸ்டு மாதக் கடைசியில் ஒரு காலை போய்ப் பார்த்தால், வரிசை வரிசையாக வெறும் காம்புகள் நிற்கின்றன! முள்காட்டிலிருந்து நீலகாய்கள் இரவில் வந்து போயிருக்கின்றன. ஏழு வார உழைப்பு. "வேலி போட்டிருக்க வேண்டும்" என்றார் ஆசிரியர். உண்மைதான், ஆனால் அதை ஜூலையில் சொல்லியிருக்கலாம். அன்று மாலை நூலகத்தில், மொச்சையை மான் கூட்டம் விரும்புவது ஏன் என்று தேடப்போய், மான் வருவதற்கென்றே மொச்சை விதைப்பவர்களின் கைந்நூல்களில் போய் விழுந்தேன்.

முதலில் அந்நாட்டு நிலைமையைச் சிறிது அறிந்துகொள்ள வேண்டும். அங்கு மிகுதியாக உள்ளது வெள்ளைவால் மான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தோலுக்கும் இறைச்சிக்கும் கணக்கின்றிச் சுட்டுத் தள்ளியதால், 1900-ஐ ஒட்டி நாடு முழுவதிலும் சில லட்சம் மான்களே எஞ்சின. பின்னர் மாநிலங்கள் வேட்டைப் பருவம் வகுத்தன. ஒருவர் இத்தனைதான் சுடலாம் என்று வரம்பு கட்டின. 1937-இல் இயற்றிய ஒரு சட்டத்தால், துப்பாக்கி, தோட்டா ஆகியவற்றின்மீது விதித்த வரிப்பணம் வனவிலங்குப் பணிக்கே ஒதுக்கப்பட்டது. இன்று மான்கள் சுமார் மூன்று கோடி. ஆகவே அங்கே வேட்டை என்பது திருட்டுத்தனம் அன்று. உரிமம் பெற்றுச் செய்வது. சொந்த நிலம் உள்ளவர் தம் நிலத்திற்கு மானை வரவழைக்கப் பயிரிடுகிறார்.

இனி விஷயத்திற்கு வருவோம். மானுக்குப் பயிரிடுவது என்றால் விதையை வீசிவிட்டு வருவது என்று நினைத்தேன். இல்லை. விதையைப் பற்றி யோசிப்பது கடைசியில்தான். முதலில் யோசிக்க வேண்டியது காற்றைப் பற்றி! மானின் மூக்கு அதன் கண்ணைவிடக் கூர்மை. பருவத்தில் காற்று எந்தத் திசையிலிருந்து வீசுமோ அதைப் பார்த்து, வயலிலிருந்து பரணை நோக்கிக் காற்று வருமாறு பரணை அமைக்கிறார்கள். வேட்டைக்காரர் பரணுக்குப் போகும் வழியும் திரும்பும் வழியும், மான் படுத்திருக்கும் புதரைத் தொடாமல் இருக்க வேண்டும். இவ்விரண்டும் அமையாத இடத்தில் எவ்வளவு அருமையான பயிர் விளைந்தாலும் மான் இரவில்தான் வரும் என்கிறார்கள். இரவில் வந்த மானைச் சுட அங்கும் சட்டம் இடம் கொடாது.

வயலின் வடிவமும் கவனத்திற்குரியது. நம் ஊரில் வயல் என்றால் சதுரமோ நீள்சதுரமோ. மானுக்கு அது பிடிக்காது. திறந்த வெளியின் நடுவே நிற்பது அதற்கு அச்சம். நாலு தாவலில் மரத்தடியை அடைய வேண்டும். எனவே காட்டின் ஓரமாக, ஒடுக்கமாக, வளைந்து நெளிந்து வயல் அமைக்கிறார்கள். இதிலும் இரண்டு வகை. புதருக்கு அருகே கால் ஏக்கர், அரை ஏக்கர் அளவில் இருப்பது வேட்டைத் துண்டு. மான் அந்தியில் பெரிய வயலுக்குப் போகும் வழியில் இங்கு சற்று நின்று கடித்துவிட்டுப் போகும். ஓர் ஏக்கருக்கு மேற்பட்ட பெரிய வயல், ஆண்டு முழுதும் தீனி தருவதற்கு. நல்ல நிர்வாகிகள் பெரிய வயலருகே சுடுவதே இல்லை. ஒருமுறை அஞ்சி ஓடிய மான் அவ்விடத்தைப் பகலில் மறந்துவிடும்.

அதன் பிறகு மண். மண்ணைச் சோதித்து அமிலத் தன்மையைக் கண்டறிய வேண்டும். பி.ஹெச். 6-க்கும் 7-க்கும் இடையில் இருப்பது நலம். காட்டோர மண் பெரும்பாலும் புளித்த மண். அதில் உரத்தைக் கொட்டினாலும் செடி முழுப்பயன் பெறாது. சுண்ணாம்புக்கல் பொடியைத் தூவ வேண்டும்; அது கரைந்து வேலை செய்யச் சில மாதங்கள் பிடிக்கும். ஆகவே இலையுதிர்காலத்தில் விதைப்பவர் வசந்தத்திலேயே தொடங்க வேண்டும். அவசரக்காரர்கள் முதலில் தவறுவது இங்கேதான் என்று எல்லாக் கைந்நூல்களும் புலம்புகின்றன.

விதைகளைப் பற்றி நான் ஆசையோடு படித்தேன். குளிர் தாங்கும் வெண்குளோவர் பல ஆண்டுகள் நிற்கும். கடுகைவிடச் சிறிய விதை, கால் அங்குலத்திற்கு மேல் புதைத்தால் முளைக்காது. அதனோடு ஓட்ஸ் தூவினால் அது விரைவில் எழுந்து குளோவருக்குத் துணையாக நிற்கும். டர்னிப் முதலிய கடுகுக் குடும்பத்துச் செடிகளை மான் முதலில் முகர்ந்தும் பாராது. பனி விழுந்து இலையில் சர்க்கரை கூடியதும் வேரையும் தோண்டித் தின்னும். கோடைக்கு அவரை இனங்கள்: சோயா, தட்டைப்பயறு, நம் மொச்சை. கோடை ஏன் முக்கியமெனில், ஆண்மானின் கொம்பு ஆண்டுதோறும் உதிர்ந்து புதிதாக முளைப்பது. வசந்தத்திலும் கோடையிலும்தான் அது வளரும். அப்போது புரதம் மிகுதியாகத் தேவை. அவரைக் குடும்பம் காற்றிலுள்ள நைட்ரஜனை வேர்முடிச்சு நுண்ணுயிர்களின் உதவியால் பிடித்துப் புரதமாக்குகிறது. ஆக, நான் ஆராயப் புகுந்த அந்த முடிச்சுகள்தாம் சுவரில் மாட்டிவைக்கும் கொம்புவரை போகின்றன!

மான் அசைபோடும் விலங்கு. மாட்டைப்போல் வாய் நிறைய மேயாது. ஒடுங்கிய வாயால் இளந்தளிராகப் பொறுக்கும். அதன் வயிற்றிலுள்ள நுண்ணுயிர்கள் புதுத்தீனிக்குப் பழக இரண்டு, மூன்று வாரமாகும். பனிக்காலத்தில் இரக்கப்பட்டு மக்காச்சோளத்தைக் குவியலாகக் கொட்டினால், வயிற்றில் அமிலம் மிகுந்து மான் செத்தும் போகும். வயல் அப்படிச் செய்வதில்லை. நாளுக்குச் சிறிது சிறிதாகத் தருகிறது.

மொச்சையில் ஒரு சங்கடம் உண்டு. துண்டு சிறியதாயின், செடி வேரூன்றுமுன்பே மான் தீர்த்துவிடும். ஆகவே பல ஏக்கரில் விதை, அல்லது செடி எழும்வரை மின்வேலி இடு என்கிறார்கள். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. என் துண்டு வயல், அவர்கள் கணக்கில் வேட்டைத் துண்டேதான்! பரண் ஒன்றுதான் குறை.

இவ்வளவும் நியாயமா என்று கேட்கலாம். குவியலாக இரை கொட்டி மானைச் சுடுவதைப் பல மாநிலங்கள் தடுக்கின்றன. பயிரிட்ட வயலருகே சுடுவதைப் பொதுவாக அனுமதிக்கின்றன. சட்டத்தின் கோடு இரைக்கும் பயிருக்கும் நடுவே ஓடுகிறது. எனக்கு அந்தக் கோடு சற்று மெல்லியதாகவே தோன்றுகிறது. ஆனால் விஞ்ஞானம் அதைவிடக் கடுமையான கேள்வி ஒன்றைக் கேட்கிறது. 1967-இல் கொலராடோவில் அடைத்து வளர்த்த மான்களிடம் முதலில் கண்ட ஒரு நலிவு நோய், இன்று பல மாநிலங்களின் காட்டு மான்களிலும் பரவியுள்ளது. உருக்குலைந்த புரதமே, அதாவது பிரையானே, அதன் காரணம், மருந்து இல்லை. எச்சிலிலும் சிறுநீரிலும் வெளிவந்து மண்ணில் ஆண்டுக்கணக்கில் தங்கும். புல்வகைச் செடிகள் பிரையானைப் பற்றி வைத்துக்கொள்ளும் என 2015-இல் வெளியான ஆய்வொன்று காட்டிற்று. பல மான்கள் ஒரே இடத்தில் வாய்வைத்தால் நோய்க்கு வழி திறக்கிறது. குவியலைவிட வயலில் மான்கள் பரவி நிற்கும் என்பது வயல் பக்கத்தாரின் வாதம். கால் ஏக்கர் துண்டில் எவ்வளவு பரவ முடியும் என்பது என் ஐயம்.

நிற்க. நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்திற்குப் பிறகு மான் வேட்டை குற்றம். விளைச்சலை அழிக்கும் விலங்குகளுக்கு மட்டும் சிற்சில இடங்களில் விலக்கு தரப்பட்டதுண்டு. 2015 டிசம்பரில் பீகாரின் சில மாவட்டங்களில் நீலகாயும் காட்டுப்பன்றியும் ஓராண்டுக்குத் தீங்குயிர் என அறிவிக்கப்பட்டன. வேடிக்கை என்னவெனில், நூறாண்டு முன்பின்னாக டெக்ஸாஸ் பண்ணைகளில் கொண்டுபோய் விட்ட நீலகாய் அங்கே பெருகி, வேட்டைக்குப் பணம் கட்டும் விலங்காகிவிட்டது.

தர்மபுரிப் பக்கத்துக் காட்டோரக் கிராமத்தில் இருக்கும் என் தாத்தாவுக்கு இதைத் தொலைபேசியில் சொன்னேன். அவர் கேழ்வரகின் நடுவே சால் விட்டு மொச்சை போடுபவர். காய் பிடிக்கும் மாதங்களில் பரண்மேல் தகரம் தட்டிக்கொண்டு இரவைக் கழிப்பவர். சற்று நேரம் பேசவில்லை.

"மானுக்குன்னே வெதைக்கிறானா?"

"ஆமாம் தாத்தா. பரண்கூடப் போடுகிறார்கள்."

"நாம தொரத்தறதுக்குப் பரண் போடறோம், அவன் கூப்பிடறதுக்குப் போடறானாக்கும்." பிறகு, "அவனுக்கு வேற நெலத்துல சோறு இருக்குது சாமி" என்றார்.

நான் படித்த எந்தக் கைந்நூலிலும் இந்த வாக்கியம் இல்லை.

அந்நூல்களிலிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்று உண்டு. வயலின் நடுவே மூன்று, நான்கு அடி அகலத்தில் கம்பிவலைக் கூண்டு ஒன்றை நட்டு வைப்பார்கள். உள்ளே உள்ள செடி தின்னப்படாதது. வெளியே உள்ளது தின்னப்பட்டது. இரண்டையும் ஒப்பிட்டால் மான் எவ்வளவு தின்றது என்பது விளங்கும். கூண்டின்றி, "பயிர் வரவில்லை" என்று விதைக்காரரைத் திட்டுவோர் பலராம்; பயிர் வந்திருக்கும், வந்த வேகத்தில் தின்னப்பட்டிருக்கும்.

செப்டம்பர் முதல் வாரம் மூன்று கூண்டுகள் கட்டி, உள்ளும் புறமும் மீண்டும் விதைத்தேன். வேர்முடிச்சு ஆராய்ச்சி, மேய்ச்சல் ஏற்பட்டால் முடிச்சுக்கு என்ன ஆகிறது என்ற ஆராய்ச்சியாக மாறிற்று, ஆசிரியரும் ஒப்புக்கொண்டார். வெளியே இருந்தவை முழங்கால் உயரம் தாண்டவே இல்லை. கூண்டுக்குள் கொடி வலையைத் தாண்டி எட்டிப் பார்த்தது; எட்டிப் பார்த்த நுனியையும் நீலகாய் விடவில்லை. ஜனவரியில் மூன்று கூண்டுகளிலும் சேர்த்து உரித்ததில் ஒரு படிக்கும் சற்றுக் குறைவு. எடை பார்த்துக் குறித்துக்கொண்ட பின் அதைச் சங்கத்து அடுக்களையில் கொடுத்துவிட்டேன். இவ்வாண்டுப் பொங்கல் குழம்பில் மொச்சை போதவில்லை என்று குறைப்பட்ட நண்பர்களுக்கு இதுவே காரணம்.