துருவக் கடலின் நுண்ணுயிர்களை அடையாளம் காட்டும் மரபணு ஆய்வு

ஆர்க்டிக் கடலின் உணவுச் சங்கிலி, நீரில் மிதக்கும் நுண்பாசிகளிலிருந்து தொடங்குகிறது. பனி உருகிக் கடல்நீரின் உவர்ப்பு குறைந்த கனடா படுகையில், 2004 முதல் 2008 வரை மிகச்சிறிய பாசிகள் பெருகியதும், அவற்றைவிடச் சற்றுப் பெரியவை குறைந்ததும் பதிவாகின. இம்மாற்றம் நீடித்தால் மீன்களுக்கும் திமிங்கிலங்களுக்கும் சென்று சேரும் உணவு குறையக்கூடும்.

2 மைக்ரோமீட்டருக்கும் சிறிய இப்பாசிகள் நுண்ணோக்கியில் ஏறத்தாழ ஒன்றுபோலவே தோன்றும். எனவே, அவற்றை இனம் பிரித்தறிய மரபணு ஆய்வு பயன்படுகிறது. கடல்நீரை வடிகட்டி, வடிதாளில் தங்கும் உயிரணுக்களிலிருந்து டிஎன்ஏ பிரித்தெடுக்கப்படுகிறது. அதில் '18எஸ்' எனப்படும் மரபணுவின் ஒரு பகுதி பிசிஆர் முறையில் பெருக்கப்பட்டு, அதன் வரிசை தரவுத்தளங்களுடன் ஒப்பிடப்படுகிறது.

எனினும், இம்மரபணுவின் படிகள் இனத்துக்கு இனம் வேறுபடுவதால், உயிர்களின் எண்ணிக்கையை இம்முறை துல்லியமாகக் காட்டாது.

நார்வேயின் ஸ்வால்பார்டில் 2008 முதல் இந்தியாவின் ஹிமாத்ரி ஆய்வு நிலையம் இயங்குகிறது. அதையொட்டிய காங்ஸ்ஃபியோர்டன் கடற்கழியில் அட்லாண்டிக்கின் வெப்பநீர் புகுகிறது. அங்கு 2014-ல் நிறுவப்பட்ட 'இண்ட்ஆர்க்' கருவித்தொகுதி வெப்பநிலையையும் உவர்ப்பையும் பதிவு செய்கிறது. இத்தகைய அளவீடுகளுடன் மரபணுத் தரவுகளை இணைத்தால், எந்த மாற்றம் எந்த உயிரினத்தைப் பாதிக்கிறது என்பதை அறியலாம்.