வலி சொல்லாத இதயம்

இதய மாற்று சிகிச்சையில் பயிற்சி பெற வரும் இளம் மருத்துவர்களுக்கு ஆபரேஷன் தியேட்டர் மீதுதான் கண். நானோ அவர்களை முதலில் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கூட்டிப்போவேன். "எக்கோ ரிப்போர்ட் அப்புறம் பார்க்கலாம் தம்பி, நோயாளியோட பாதத்தைத் தொட்டுப் பாருங்க" என்பேன். பாதம் சில்லிட்டு, கழுத்து ரத்தக்குழாய் புடைத்து, சிறுநீரும் குறைந்திருந்தால் இதயம் தோற்றுக்கொண்டிருக்கிறது. அதைக் கவனிக்காமல் நாள் கடத்தினால் சிறுநீரகமும் கல்லீரலும் கெட்டுவிடும். பிறகு மாற்று இதயம் கிடைத்தும் பொருத்த முடியாமல் போகலாம்.

டெல்லி எய்ம்ஸில் 1994-ல் டாக்டர் வேணுகோபால் குழுவினர் நாட்டின் முதல் வெற்றிகரமான இதய மாற்று அறுவையைச் செய்தார்கள். ஐஸ் பெட்டியில் வரும் இதயத்தைச் சுமார் 4 மணி நேரத்துக்குள் ஓடவைக்க வேண்டும் என்ற அவசரம் இன்றும் உண்டு.

என் வகுப்பில் அதிக நேரம் பிடிப்பது அறுவைக்குப் பிந்தைய பாடம். புதிய இதயத்துக்கு நரம்புத் தொடர்பு அறுந்திருக்கும். படுத்திருக்கும்போதே 90, 100 என்று துடிக்கும். துடிப்பு குறைந்தால் வழக்கமாகப் போடும் அட்ரோபின் ஊசிக்கு அது பெரும்பாலும் அசையாது. ரத்தக்குழாய் அடைத்தாலும் பலருக்கு நெஞ்சுவலி தெரியாது. உடல் புதிய இதயத்தை நிராகரிக்கிறதா என்று அறிய, கழுத்து வழியாகக் குழாய் செலுத்தி, இதயத்தசையில் துளி கிள்ளி எடுத்துச் சோதிக்கப் பழக்குகிறோம்.

உங்கள் வீட்டில் மாற்று இதயம் பெற்றவர் இருந்தால், காய்ச்சலுக்குக்கூட மருந்துக்கடையில் நீங்களாக மாத்திரை வாங்காதீர்கள். கிளாரித்ரோமைசின் போன்ற சில ஆன்டிபயாடிக்குகள், நிராகரிப்பைத் தடுக்கும் டாக்ரோலிமஸ் மருந்தின் அளவை ரத்தத்தில் ஆபத்தாக ஏற்றிவிடும். சிகிச்சை தரும் குழுவுக்கு முதலில் போன் செய்யுங்கள்.