நீலக் கண்ணின் விலை

ஃபிரிட்ஜ் கதவு திறக்கும் சத்தம் கேட்டால் போதும், அடுத்த வீட்டுப் பூனைகூட ஆஜராகிவிடும். ஆனால் ஆசையாக வாங்கி வந்த வெள்ளைப் பூனை மட்டும் சோபாவில் அசையாமல் தூங்குகிறது. பெயர் சொல்லி அழைத்தால் திரும்புவதில்லை. பக்கத்தில் குக்கர் விசிலடித்தாலும் காது மடல் ஆடுவதில்லை. "திமிர்" என்று வீட்டார் செல்லமாகத் திட்டுகிறார்கள். பூனை என்றாலே அலட்சியம் என்ற பெயர் ஏற்கெனவே இருப்பதால் யாருக்கும் சந்தேகம் எழுவதில்லை. பல மாதங்கள் கழித்துத்தான் புரிகிறது: அதற்குக் காதே கேட்காது.

வெள்ளைப் பூனைகளிடம் இது புதிய விஷயம் அல்ல. முழு வெள்ளையும் நீலக் கண்ணும் சேர்ந்த பூனைகள் பொதுவாகச் செவிடாக இருப்பதை 'உயிரினங்களின் தோற்றம்' நூலிலேயே சார்லஸ் டார்வின் குறிப்பிட்டிருந்தார். ரோமத்தின் நிறத்துக்கும் காதுக்கும் என்ன சம்பந்தம் என்பது மட்டும் அன்று புதிராக இருந்தது.

சம்பந்தம் நிறமிச் செல்களில் இருக்கிறது. கரு வளரும்போது முதுகுப் பகுதியில் தோன்றும் இந்தச் செல்கள் அங்கிருந்து பயணம் செய்து தோல், கண், உட்காது ஆகிய இடங்களுக்குப் போய்ச் சேர வேண்டும். வெள்ளைப் பூனையில் 'கிட்' என்ற மரபணுவில் உள்ள மாற்றம் இந்தப் பயணத்தைக் கெடுத்துவிடுகிறது. ஏதோ ஒரு காலத்தில் பூனை இனத்துக்குள் புகுந்த வைரஸின் துண்டு ஒன்று அந்த மரபணுவில் சொருகிக் கிடப்பதுதான் காரணம் என்பது 2014இல் தெரியவந்தது. செல்கள் தோலுக்குப் போகாவிட்டால் ரோமம் வெளுக்கிறது. கண்ணுக்குப் போகாவிட்டால் நீலம். உட்காதுக்குப் போகாவிட்டால்தான் நஷ்டம். அங்குள்ள திரவத்தில் பொட்டாசியத்தைச் சரியான அளவில் வைத்திருக்க நிறமிச் செல்கள் தேவை. அவை இல்லாதபோது ஒலியை உணரும் நுண்ணிய செல்கள், குட்டி பிறந்த சில வாரங்களுக்குள் அழிந்துவிடுகின்றன. சொட்டு மருந்தோ அறுவை சிகிச்சையோ அவற்றைத் திருப்பித் தராது.

எல்லா வெள்ளைப் பூனைகளுக்கும் இந்தக் கதி இல்லை. இரண்டு கண்ணும் நீலமாக இருந்தால் 65 முதல் 85 சதவீதம், ஒரு கண் மட்டும் நீலமென்றால் சுமார் 40 சதவீதம், நீலமே இல்லாவிட்டால் 17 முதல் 22 சதவீதம் என்று ஆய்வுகள் சொல்கின்றன. ஒற்றைக் கண் நீலமான பூனைக்கு ஒரு காது மட்டும் செவிடாக இருந்தால், பெரும்பாலும் அது நீலக் கண் இருக்கும் பக்கத்துக் காதுதான். சயாமிஸ் பூனையின் நீலக் கண்ணைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம். அதன் நிறமிச் செல்கள் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கின்றன. நிறம் தயாரிப்பதில்தான் குறை. சில வெள்ளைக் குட்டிகளின் உச்சந்தலையில் திருஷ்டிப் பொட்டு வைத்தது போலக் கறுப்பாக ஒரு தீற்றல் இருக்கும். வெள்ளைக்கு அடியில் ஒளிந்திருக்கும் அசல் நிறம் அது. வளர வளர மறைந்துவிடும்.

வேடிக்கை என்னவென்றால், வாங்க வருபவர்கள் மயங்குவதே அந்த நீலக் கண்ணில்தான். இந்த வெள்ளை மரபணு பெற்றோரில் ஒன்றிடமிருந்து வந்தாலே போதும். குட்டி வெள்ளையாகப் பிறக்கும். அழகுக்காக வெள்ளையோடு வெள்ளையைச் சேர்ப்பவர்கள் செவிட்டுக் குட்டிகளையும் சேர்த்தே உற்பத்தி செய்கிறார்கள். தாயே செவிடென்றால் குட்டிகள் கத்துவதும் அதற்குக் கேட்காது.

காதைப் பரிசோதிக்கப் பின்னால் நின்று கை தட்டிப் பார்ப்பது பலருடைய வழக்கம். இதை நம்ப முடியாது. காற்றின் அசைவும் தரையின் அதிர்வும் பூனைக்குத் தகவல் சொல்லிவிடும். தலையில் மெல்லிய மின்முனைகளைப் பொருத்தி, 'டிக் டிக்' ஒலிக்கு மூளை காட்டும் அலைகளைப் பதிவு செய்வதுதான் சரியான சோதனை. ஒரு காது மட்டும் கேட்காத பூனையை வேறு விதமாகக் கண்டுபிடிப்பது கடினம். எல்லா ஊரிலும் இந்த வசதி இல்லை என்பது வேறு விஷயம்.

செவிட்டுப் பூனை வீட்டுக்குள் குறையில்லாமல் வாழும். ஆபத்து வாசற்படிக்கு வெளியேதான். பின்னால் வரும் ஆட்டோவின் ஹாரனோ தெருநாயின் உறுமலோ அதற்குக் கேட்காது. கதவு, ஜன்னல், பால்கனிக்கு வலை போடுவது முதல் செலவு. மொட்டை மாடியில் மதிய வெயில் காய விடுவதும் கூடாது. காது நுனியும் மூக்கும் நிறமில்லாததால் வெயில் பட்டுப் புண்ணாகி, அதுவே புற்றுநோயாக மாறலாம்.

மற்றபடி கொஞ்சம் பழக வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான். தூங்கும் பூனையைப் பின்னாலிருந்து தொட்டால் பதறிப் பிராண்டிவிடும். அருகில் மெத்தையைத் தட்டி, அதிர்வில் எழுப்புவது நல்லது. அழைப்பதற்கு விளக்கை ஒரு முறை அணைத்துப் போடலாம். சாப்பாட்டுக்கு ஒரு கை ஜாடை, 'கூடாது' என்பதற்கு இன்னொன்று என்று தினமும் மாறாமல் காட்டினால் சில வாரங்களில் கற்றுக்கொள்கிறது. பூனைக்கு யார் மணி கட்டுவது என்று எலிகள் கவலைப்பட்ட கதை இங்கே தலைகீழ்: கட்ட வேண்டியவர் வீட்டுக்காரர். கூப்பிட்டாலும் வராத பூனை பீரோ மேலா, கட்டிலுக்கு அடியிலா என்று கண்டுபிடிக்க வேறு வழியில்லை.

பழக முடியாத ஒன்று அதன் குரல். தன் குரல் தனக்கே கேட்காததால் நடு இரவில் பிளிறும். அக்கம்பக்கத்தார் பூனையை யாரோ அடிப்பதாக நினைத்தாலும் ஆச்சரியமில்லை.

காது கேட்கும் இன்னொரு பூனை வீட்டில் இருந்தால் செவிட்டுப் பூனை அதையே பார்த்துக்கொண்டிருக்கிறது. அழைப்பு மணி அடித்ததும் அது காதை விறைத்து வாசலுக்கு ஓடினால், இதுவும் பின்னாலேயே ஓடுகிறது.