வாடிக்கையாளர் நாக்கும் கடைச் சரக்கும்

எந்தச் சரக்கு உயர்ந்தது என்று தீர்ப்பு சொல்வது நம் வேலையல்ல. கேட்டவருக்குக் கேட்டதைக் கொடுப்பதே வியாபாரம்.

பின்லாந்து நாட்டில் 1969 முதல் மளிகைக் கடைகளிலேயே மிதமான பீர் விற்கலாம். 1819-ல் தொடங்கிய சினெப்ரிகாஃப் ஆலையின் பீர் ஒருவருக்குப் பிடிக்கும். இன்னொருவருக்குக் கர்யாலாதான் வேண்டும். கிராமத்தாரோ ஜூனிபர் மணம் சேர்ந்த சாஹ்தியைத்தான் விரும்புவார்கள். அந்த ஊர்க் கடைக்காரர் இவர்களில் யாரோடும் வாதம் செய்து பிழைக்க முடியாது.

நம் மாநிலத்தில் பீர் நமது வியாபாரம் அல்ல. 1983-ல் தொடங்கிய டாஸ்மாக்கிடம் 2003 முதல் சில்லறை விற்பனையும் சென்றுவிட்டது. ஆனால் நம் கடைக் கலர் பாட்டிலிலும் இதே கதைதான். அச்சன்புதூரில் ஒருவர் பன்னீர் சோடா கேட்பார். அடுத்தவர் விருந்துச் சாப்பாடு செரிக்க கோலி சோடா கேட்பார். குற்றாலம் சீசனுக்கு வருகிறவர் பொவண்டோ எங்கே என்பார்.

அந்தப் பொவண்டோவைத் தருவது, 1916-ல் விருதுநகரில் பழனியப்ப நாடார் தொடங்கிய காளிமார்க். 1993-ல் கோகோ கோலா இந்தியாவுக்குத் திரும்பி தம்ஸ் அப்பை விலைக்கு வாங்கியது; ஆனாலும் மக்கள் தம்ஸ் அப்பை விடாததால் அதை இன்றும் விற்கிறது. அமெரிக்காவிலேயே 1985-ல் ருசியை மாற்றி, மக்கள் எதிர்ப்பால் மூன்று மாதத்துக்குள் பழைய ருசியைத் திரும்பக் கொண்டுவந்த கம்பெனி அது. 2017 மார்ச் முதல் அந்நிய பானங்களை விற்பதில்லை என்று நம் வணிகர் அமைப்புகள் முடிவெடுத்தபோது உள்ளூர்க் கலருக்கு மவுசு கூடியது. உணர்ச்சி கடைக்குள் கொண்டுவரும். நிறுத்தி வைப்பது ருசிதான்.

கம்பெனிக்காரர் இலவசமாக ஃபிரிட்ஜ் தந்தால், மற்றவர் சரக்கை அதில் வைக்கக்கூடாது என்ற நிபந்தனை உண்டா என்று முதலில் கேளுங்கள். இருந்தால், உள்ளூர்க் கலருக்குத் தனியாக ஐஸ் பெட்டியாவது வையுங்கள். கேட்டு, இல்லையென்று அனுப்பிய சரக்கை நோட்டில் எழுதுங்கள். ஒரே சரக்கை வாரத்தில் ஐந்து பேர் கேட்டால் ஒரு கேஸ் எடுங்கள். விற்ற பிறகு அடுத்தது. உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும் தேதியும் இல்லாத பாட்டிலைத் தொடாதீர்கள், வெயிலில் அடுக்காதீர்கள்.

ஒரு பாட்டிலில் லாபம் சொற்பமே. ஆனால் கலர் கிடைக்காமல் போகிறவர், அரிசி பருப்பையும் அடுத்த கடையில் வாங்கிவிடுவார். நட்டம் அங்கேதான்.