வண்டி உங்க முதுகுக்குப் பொருந்துமா?

"லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும்?"

டூ வீலர் வாங்கப் போகிற நம்ம ஆட்கள் ஷோரூமில் கேட்கிற முதல் கேள்வி இதுதான். அடுத்தது கலர், அப்புறம் மாதத் தவணை. "இது என் முதுகுக்கு ஒத்து வருமா? பின்னாடி உட்காரப் போற என் வீட்டுக்காரிக்குச் சரிப்படுமா?" என்று கேட்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

எங்கள் தெருக்காரர் ஒருவர், மகன் காலேஜ் போவதற்கென்று குனிந்து ஓட்டுகிற மாடல் பைக் ஒன்றை வாங்கினார. வீட்டில் இருப்பதே அந்த ஒரு வண்டிதான். காலையில் மகன், சாயங்காலம் அப்பாவும் அம்மாவும் மார்க்கெட்டுக்கு. பின் சீட்டோ மேலே தூக்கிக்கொண்டு, சாண் அகலத்தில் இருக்கும். சேலை கட்டிய அந்த அம்மா ஒரு பக்கமாக உட்கார்ந்து, மடியில் காய்கறிப் பையை வைத்திருந்தார். ஸ்பீடு பிரேக்கரில் வண்டி தூக்கிப் போட்டது, அவ்வளவுதான். வேகம் 20 கிலோமீட்டர்கூட இருக்காது. தலையில் அடி, 10 நாள் ஆஸ்பத்திரி. நல்லவேளை, பிழைத்து வந்துவிட்டார்.

ஆகவே சி.சி., மைலேஜ் எல்லாம் அப்புறம். அந்த வண்டியில் யார் யார் ஏறப் போகிறீர்கள்? முதலில் அதை யோசியுங்கள்.

சீட்டில் உட்கார்ந்து இரண்டு காலையும் கீழே ஊன்றிப் பாருங்கள். இரண்டு பாதத்தின் முன்பகுதியாவது தரையில் அழுத்தமாகப் பதிய வேண்டும். ஒரு கால் மட்டும், அதுவும் நுனிவிரலில் எட்டுகிறதா? வேண்டாங்க. டிராஃபிக்கில் சிக்னலுக்குச் சிக்னல் இடுப்பைச் சாய்த்துச் சாய்த்தே வலி வந்துவிடும். எடையும் முக்கியம். சாதாரண 100 சி.சி. பைக்கும் ஸ்கூட்டரும் சுமார் 110 கிலோவை ஒட்டி இருக்கும். புல்லட் வகையறா 190 கிலோவைத் தாண்டும். ஓடும்போது அது தெரியாது. வாசல் படியில் ஏற்றும்போதும், பார்க்கிங்கில் பின்னுக்கு இழுக்கும்போதும்தான் தெரியும். டிஸ்க் தொந்தரவு உள்ளவர்கள் ஆசைக்கு வாங்கிவிட்டு அவஸ்தைப்பட வேண்டாம்.

"முதுகுவலிக்கு ஸ்கூட்டர்தானே நல்லது, நிமிர்ந்து உட்காரலாமே?" என்று பலர் கேட்கிறார்கள். பாதி சரி. நிமிர்ந்து உட்காரலாம், கியர் கிடையாது, சேலையோடும் ஓட்டலாம், காலடியில் பை வைக்கலாம். ஆனால் ஸ்கூட்டருக்குச் சக்கரம் சின்னது. 10 அல்லது 12 அங்குலம்தான். பைக்குக்கு 17, 18 அங்குலம். சின்னச் சக்கரம் பள்ளத்துக்குள் இறங்கி ஏறும். பெரிய சக்கரம் அதே பள்ளத்தைச் சுலபமாகத் தாண்டிப் போகும். இன்னொன்று, ஸ்கூட்டரில் கால் முன்னால் நீட்டி இருக்கிறது. பள்ளம் வருகிறது என்று தெரிந்தாலும் எழும்பிக்கொள்ள முடியாது. குலுக்கல் நேரே தண்டுவடத்துக்குப் போகும். பைக்கில் ஃபுட்ரெஸ்ட் உடம்புக்கு அடியில் இருப்பதால், லேசாக எழும்பினால் அந்த அதிர்ச்சியைத் தொடையும் முழங்காலும் வாங்கிக்கொள்ளும். அதனால் நல்ல ரோட்டில் 4, 5 கிலோமீட்டர் போய் வர ஸ்கூட்டர் போதும். தினமும் 30 கிலோமீட்டர், அதுவும் குண்டும் குழியுமான ரோடு என்றால், ஹேண்டில்பார் உயரமாக, சீட் தட்டையாக உள்ள சாதாரண கம்யூட்டர் பைக்தான் என் ஓட்டு.

குனிந்து ஓட்டுகிற மாடல்களில் மேல் உடம்பின் பாரம் மணிக்கட்டில் இறங்கும். ரோட்டைப் பார்க்க கழுத்தை அண்ணாந்து வைக்க வேண்டும். 20 வயதில் சமாளிக்கலாம், 45-ல் முடியாதுங்க!

பின்னால் உட்காருபவருக்கு வருவோம். கைப்பிடி, கால் வைக்கும் ஃபுட்ரெஸ்ட், பின் சக்கரத்தில் பாதியையாவது மறைக்கும் சேலை கார்டு ஆகிய மூன்றும் 1989 மோட்டார் வாகன விதிகளிலேயே இருக்கின்றன. 'லுக் போயிடும்' என்று சேலை கார்டைக் கழற்றிப் போடுகிறவர்களை என்ன சொல்வது? துப்பட்டாவும் முந்தானையும் சக்கரத்தில் சிக்கினால் கழுத்தையே இறுக்கிவிடும். ஒரு பக்கமாக உட்கார்ந்தால் இடுப்பு முறுக்கியே இருக்கும், பிடிமானமும் குறைவு. முடிந்தவரை இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காரச் சொல்லுங்கள். கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்காமல் ஏறக் கூடாது.

குட்டீஸ் இருக்கிற வீடா? 2019-ல் திருத்திய சட்டப்படி 4 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் ஹெல்மெட் கட்டாயம், பின் சீட்காரருக்கும் சேர்த்துத்தான். 4 வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்காக 2023 பிப்ரவரியில் தனி விதி வந்தது. அதன்படி ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டும் பாதுகாப்பு பெல்ட் வேண்டும், வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது.

செகண்ட் ஹேண்ட் வாங்குகிறவர்கள் தயாரான தேதியைப் பாருங்கள். 2019 ஏப்ரலிலிருந்து 125 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிகளுக்கு ஏ.பி.எஸ். பிரேக் கட்டாயம். அதற்குக் கீழே உள்ளவற்றில் ஒரு பிரேக்கைப் பிடித்தால் இரண்டும் வேலை செய்கிற ஏற்பாடாவது இருக்க வேண்டும். அதற்கு முந்தைய வண்டியில் இவை இல்லாமலிருக்கலாம்.

இருக்கிற வண்டியை மாற்ற வசதியில்லையா? பல பைக்குகளில் பின் ஷாக் அப்சார்பரை ஐந்து படிகளில் இறுக்கித் தளர்த்தலாம். மெக்கானிக்கிடம் சொன்னால் 2 நிமிஷ வேலை. தனியாகப் போகிறவர் இறுக்கமாகவே விட்டிருந்தால் குலுக்கல் அதிகம். இரண்டு பேர் போகும்போது தளர்வாக இருந்தால் இடிக்கும். டயர் காற்றும் வாரம் ஒருமுறை பார்க்க வேண்டியது. அதிகமாக அடித்தால் கல்லு மாதிரி ஆகிவிடும். சென்டர் ஸ்டாண்ட் போடும்போது கையால் தூக்காதீர்கள். வண்டியை நேராக நிறுத்தி, ஸ்டாண்டின் மிதியில் உங்கள் முழு எடையையும் காலால் இறக்குங்கள், அதுவே ஏறிவிடும்.

ஷோரூமுக்குப் போகும்போது வீட்டம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவரைப் பின்னால் உட்கார வைத்தே டெஸ்ட் டிரைவ் போங்கள். ஒரு ஸ்பீடு பிரேக்கராவது ஏறி இறங்கிவிட்டு, "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டபிறகு அட்வான்ஸ் கொடுக்கலாம்.