பழைய மாத்திரையோடு புது மாத்திரை சேரும்போது

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 65 வயதைக் கடந்தவர்களின் மருந்துச் செலவில் பெரும்பகுதியை அரசே ஏற்கிறது. அதனால் யார், என்றைக்கு, எந்த மாத்திரை வாங்கினார்கள் என்பதெல்லாம் பதிவாகிவிடும். டேவிட் ஜூர்லிங்க் என்ற மருத்துவரின் குழு 1994 முதல் 2000 வரையிலான இந்தப் பதிவுகளைப் புரட்டியது. 2003-ல் வெளியான முடிவுகள் இன்றைக்கும் நடுங்க வைக்கின்றன.

சர்க்கரைக்குக் கிளிபென்கிளமைடு சாப்பிட்டு வந்த முதியவர்களில் 909 பேர், ரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறிக் குறைந்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்தார்கள். அப்படிச் சேராதவர்களோடு ஒப்பிட்டால், இவர்கள் அதற்கு முந்தைய ஒரு வாரத்துக்குள் கோட்ரைமாக்சசோல் சாப்பிட்டிருக்கும் வாய்ப்பு ஆறு மடங்குக்கும் அதிகம். சிறுநீர்த் தொற்றுக்கு வழக்கமாக எழுதித் தரப்படும், விலை மலிவான மாத்திரை அது.

காய்ச்சலும் தொற்றும் வந்தால் சாப்பாடு இறங்காது, சர்க்கரை குறையத்தானே செய்யும் என்று கேட்கலாம். ஆய்வாளர்களும் அதை யோசித்தார்கள். தொற்றுக்குத் தரப்படும் இன்னொரு மருந்தான அமாக்சிசிலினை எடுத்துக்கொண்டு அதே கணக்கைப் போட்டார்கள். அதில் ஆபத்து கூடவில்லை. ஆக, குற்றவாளி தொற்று அல்ல. இரண்டு மாத்திரைகளின் சேர்க்கை.

கிளிபென்கிளமைடு கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கிறது. வேலை முடிந்ததும் அதைச் சிதைப்பது கல்லீரலில் உள்ள ஒரு நொதி. கோட்ரைமாக்சசோலில் உள்ள சல்ஃபா மருந்து அந்த நொதியின் கையைக் கட்டிப்போடுகிறது. விழுங்கியது வழக்கமான ஒரே மாத்திரைதான். ரத்தத்தில் தேங்குவதோ வழக்கத்தைவிட அதிகம். வயதானவர்களின் சிறுநீரகம் மிச்சத்தை வெளியேற்றவும் திணறும். சர்க்கரை குறைந்து வியர்வை, குழறல், குழப்பம் என்று வருவதைப் பார்த்து வீட்டில் பக்கவாதம் என்றோ, வயதுக் கோளாறு என்றோ நினைத்துவிடுவார்கள்.

அதே ஆய்வில், இதய மருந்தான டிகாக்சின் நச்சாகி மருத்துவமனைக்கு வந்தவர்கள், தொற்று மருந்தான கிளாரித்ரோமைசினும் சாப்பிட்டிருக்கும் வாய்ப்பு சுமார் பன்னிரண்டு மடங்கு. ரத்த அழுத்தத்துக்கான எனலாப்ரில் வகை மருந்து சாப்பிட்டு, பொட்டாசியம் எகிறி மருத்துவமனைக்கு வந்தவர்கள், உடலில் பொட்டாசியத்தைத் தக்கவைக்கும் நீர் மாத்திரையும் சாப்பிட்டிருக்கும் வாய்ப்பு இருபது மடங்கு. பொட்டாசியம் மிகுந்தால் இதயத் துடிப்பே தாறுமாறாகும்.

நம் ஊரில் அதிகம் கவலைப்பட வேண்டிய சேர்க்கை வேறொன்று. பிரஷருக்கு டெல்மிசார்டன், கால் வீக்கத்துக்கு நீர் மாத்திரை. இவை இரண்டும் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும். மூட்டு வலி தாங்காமல் மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய டைக்ளோஃபினாக் மூன்றாவதாகச் சேரும். வலி மாத்திரை, சிறுநீரக வடிகட்டிக்குள் ரத்தம் வரும் வழியைச் சுருக்கும். டெல்மிசார்டன் வெளியேறும் வழியை அகலமாக்கும். நீர் மாத்திரை ரத்தத்தின் மொத்த அளவையே குறைக்கும். வடிகட்டத் தேவையான அழுத்தம் இல்லாமல் சிறுநீரகம் சோர்ந்துவிடும். கூடவே வயிற்றுப்போக்கும் வந்தால் ஓரிரு நாளிலேயே நிலைமை மோசமாகலாம்.

இதைத் தடுக்க டாக்டருக்கு முழுப் பட்டியல் தெரிய வேண்டும். ஆனால் இதயத்துக்கு ஒருவர், மூட்டுக்கு ஒருவர் என்று தனித்தனியே பார்க்கிறோம். கடையில் அட்டையைக் கத்தரித்து நான்கு மாத்திரை தந்தால், மருந்தின் பெயர் பெரும்பாலும் கடையிலேயே தங்கிவிடுகிறது. வேறு கம்பெனிப் பெயரில் வந்த அதே மருந்தை, வீட்டில் இருக்கும் பழைய அட்டையோடு சேர்த்து இரட்டிப்பாக விழுங்குபவர்களும் உண்டு. மாத்திரை டப்பாவை அப்படியே ஒரு பையில் போட்டு, சளி மாத்திரை, தூக்க மாத்திரை, நாட்டு மருந்து உட்பட எடுத்துப் போய் டாக்டரின் மேஜையில் கொட்டுவதில் எந்தக் கூச்சமும் வேண்டாம்.

தொடக்கத்தில் பார்த்த கிளிபென்கிளமைடு 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஏற்றதல்ல என்று உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலே குறிப்பிட்டு, அதற்குப் பதிலாக 2013-ல் கிளிக்லசைடைச் சேர்த்தது. வீட்டுப் பெரியவர்களின் டப்பாவில் அது இன்னும் இருந்தால், தாமாக நிறுத்திவிடாமல், மாற்றலாமா என்று டாக்டரிடம் கேட்க வேண்டும்.