வீட்டுக்குள் ஓர் இணைய வழங்கி

கிராஞ்சி என்றவுடன் சிங்கப்பூர் மக்களின் நினைவுக்கு வருவன போர் நினைவிடமும் நீர்த்தேக்கமும் ஆகும். அங்கே வேறொன்றும் இருந்தது. 1970களின் இறுதியிலிருந்து 2023ஆம் ஆண்டு வரை பி.பி.சி.யின் தூரகிழக்கு ஒலிபரப்பு நிலையம் கிராஞ்சியில் இயங்கி வந்தது. ஆசிய நாடுகள் பலவற்றுக்கும் அங்கிருந்து சிற்றலை வழியே செய்திகள் சென்றன.

இத்தகைய நிலையங்களில் பொறியாளர் கையாளும் முறை ஒன்று உண்டு. பழுது பார்த்த ஒலிபரப்பியை அவர்கள் உடனே வானக்கம்பியுடன் இணைத்துவிடுவதில்லை. வரும் மின்னாற்றலை எல்லாம் வெப்பமாக மாற்றிவிடும் தடை ஒன்றுடன் முதலில் இணைத்து ஓடவிடுவார்கள். ஒலிபரப்பி முழு வலிமையோடு வேலை செய்யும். ஆனால் அதன் குரல் நாட்டாரின் காதில் விழாது. குறை இருந்தால் கட்டடத்துக்குள்ளேயே தெரிந்துவிடும்.

இணையத்தளம் அமைப்போரும் இதே முறையைப் பின்பற்றுகின்றனர். அவர்களுக்கு அந்தத் தடையின் இடத்தில் நின்று உதவுவது, சொந்தக் கணினிக்குள்ளேயே இயங்கும் இணைய வழங்கியாகும்.

கேட்பதும் கொடுப்பதும்

உலாவி கேட்கிறது, வழங்கி கொடுக்கிறது. இணையப் பக்கங்கள் நம்மிடம் வந்து சேரும் வழி இவ்வளவே. வழங்கி என்றால் பெரிய குளிர்பதனக் கூடத்தில் அடுக்கிய இயந்திரம் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அது ஒரு மென்பொருள். டிம் பெர்னர்ஸ் லீ 1990இல் சுவிட்சர்லாந்தின் செர்ன் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கிய உலகின் முதல் இணைய வழங்கி, அவருடைய மேசைக் கணினியிலேயே ஓடியது. யாரும் அதை நிறுத்திவிடக் கூடாது என்று அவர் அதன்மேல் சீட்டு எழுதி ஒட்ட வேண்டியிருந்தது.

ஆகவே, கேட்பவரும் கொடுப்பவரும் ஒரே கணினிக்குள் இருப்பதற்குத் தடையில்லை. அதற்கென்றே இணைய முகவரிகளில் 127 எனத் தொடங்குவன யாவும் ஒதுக்கி வைக்கப்பட்டுள்ளன. அவற்றுள் பெரிதும் பயன்படுவது 127.0.0.1; ‘லோக்கல்ஹோஸ்ட்’ என்பது அதன் பெயர். இம்முகவரிக்கு அனுப்பும் வேண்டுகோள் கணினியை விட்டு வெளியே போகாமல், உள்ளேயே திரும்பி வந்து சேரும். இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டாலும் பக்கம் தோன்றும். இருவர் தத்தம் கணினியில் இதே முகவரியை இட்டால், இருவரும் தத்தம் பக்கத்தையே காண்பர்.

பையில் அடங்கும் பட்டறை

இக்காலத் தளம் ஒன்றுக்குப் பெரும்பாலும் மூன்று கூறுகள் தேவை. பக்கங்களைக் கொடுக்கும் வழங்கி ஒன்று. பக்கங்களை அவ்வப்போது ஆக்கித் தரும் நிரல் மொழி ஒன்று. செய்திகளைச் சேர்த்து வைக்கும் தரவுத்தளம் ஒன்று. 1995இல் வெளிவந்த அப்பாச்சி வழங்கியும், அதே ஆண்டில் வெளியிடப்பட்ட பி.எச்.பி. மொழியும் இவற்றுள் புகழ் பெற்றவை. இவற்றைத் தனித்தனியே நிறுவி ஒன்றோடொன்று பொருத்துவது பழகாதவர்க்குப் பெருந்தொல்லை. 2002இல் ஜெர்மனியில் தோன்றிய ‘எக்ஸாம்ப்’ என்னும் இலவசத் தொகுப்பு இவை அனைத்தையும் ஒரே கட்டாகத் தந்தது.

இத்தகைய தொகுப்புகளைக் கணினியில் நிறுவாமலே, பென் டிரைவில் வைத்து இயக்கவும் இயலும். நிறுவும் உரிமை இல்லாத பள்ளிக் கணினியிலும், வெளிமென்பொருளை இயக்க இசைவு இருந்தால், மாணவர் தம் பட்டறையைத் திறந்து வேலை பார்த்துவிட்டு மூடிக்கொண்டு செல்லலாம். ஒன்றை மட்டும் கருத்தில் கொள்ள வேண்டும். பென் டிரைவுக்கு ஒரு கணினி ‘இ’ என்று எழுத்திடும். மற்றொன்று ‘எஃப்’ என்று இடும். அமைப்புக் கோப்புகளில் முழுப் பாதையை எழுதி வைத்திருந்தால் இடம் மாறியதும் வழங்கி ஓடாது.

தமிழுக்கு வரும் இடர்

பக்கத்தை நேரே திறந்து பார்த்தால் போதாதா, வழங்கி எதற்கு என்று கேட்கலாம். இதற்கு விடை காணச் சிங்கப்பூர் வரலாறே துணை செய்கிறது. 1995 அக்டோபரில் இந்நாட்டுக் கவிதைகள் நான்கு மொழிகளிலும் இணையத்தில் ஏறியபோது, அவற்றுள் தமிழும் இடம்பெற உழைத்தவர் நா. கோவிந்தசாமி. அக்காலத்தில் ஆளுக்கொரு குறியீட்டு முறை வழங்கியது. எழுதியவரின் கணினியில் அழகாகத் தெரிந்த தமிழ், அந்த எழுத்துரு இல்லாதவர் கணினியில் பொருளற்ற ஆங்கிலக் குறிகளாகச் சிதறியது. 1997இல் சிங்கப்பூரில் அவர் கூட்டிய தமிழ்நெட் மாநாடு இச்சிக்கலையே ஆராய்ந்தது.

இன்று யூனிகோடு பொதுமுறையாகிவிட்டது. எனினும் இடர் முற்றும் நீங்கவில்லை. யூ.டி.எஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட்டு கொள்ளும். ‘தமிழ்’ என்னும் சொல்லில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என 5 குறிகள் உள்ளமையால் 15 பைட்டு ஆகும். இவற்றை மூன்று மூன்றாகச் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பதை உலாவிக்கு யாரேனும் சொல்ல வேண்டும். பக்கத்துக்குள்ளும் அதைச் சொல்லலாம், வழங்கியும் சொல்லும். இரண்டும் முரண்பட்டால் வழங்கியின் சொல்லே பொதுவாக வெல்லும். கோப்பாகத் திறக்கும்போது செம்மையாக இருந்த பக்கம் வழங்கி வழியே வரும்போது சிதைவது இதனாலேயே. தரவுத்தளம் ஐரோப்பிய எழுத்துக்கென அமைந்திருந்தாலோ, தமிழ் முழுவதும் கேள்விக்குறிகளாக மாறிப் பதிவாகக்கூடும். அவ்வாறு பதிவானதை மீட்க வழியில்லை. ஊரார் எழுதிய நினைவுகளையோ பழைய மலர்களையோ ஏற்றும் சங்கத்துக்கு இஃது எத்துணை இழப்பு! இக்குறைகளை இணையத்தில் ஏற்றுமுன் காட்டித் தரவல்லது உள்ளக வழங்கி ஒன்றே.

எல்லை

உள்ளக வழங்கி ஒத்திகைக்கே உரியது. எக்ஸாம்ப் போன்ற தொகுப்புகள் வேலை எளிதாகும் பொருட்டுக் காவலைத் தளர்த்தி வைத்திருக்கும். ஆதலின், பொது இடத்து வைஃபையில் அமர்ந்து இயக்குவோர், வழங்கி 127.0.0.1க்கு மட்டுமே விடை தருமாறு அமைத்துக்கொள்வது நன்று. விண்டோஸ் கணினி பொறுத்துக்கொள்ளும் ஆங்கிலப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டை வெளியே உள்ள லினக்ஸ் வழங்கி பொறுக்காது. படங்கள் காணாமற் போகும்.

தடையுடன் ஓட்டிப் பார்த்த ஒலிபரப்பியும் ஒருநாள் வானக்கம்பியுடன் இணைந்தே ஆக வேண்டும். அன்று தொலைவில் இருப்பவர் தெளிவாகக் கேட்டாரா என்பதே இறுதிச் சோதனை. இணையப் பக்கமும் அத்தகையதே. தன் கணினியில் தமிழ் தெரிந்தது என்று மகிழ்வதோடு நில்லாமல், அயலார் கைப்பேசியிலும் தெரிகிறதா என்று பார்த்தவரே வேலையை முடித்தவராவார்.